நான்காவது படத்துக் குதிரை

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நான்காவது படத்தின் மேல் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. ராயப்பேட்டையில் குடியிருந்த ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் அவர். பெரும்பாலும் குதிரைகளுக்கே வைத்தியம் பார்த்தவர். அடையாற்றில் நான் வேலை பார்க்கும் ஏலக்கூடத்தில் எந்தப் படம் வைத்தாலும் பார்க்க வந்துவிடுவார். ஒன்றும் வாங்கியதில்லை. அந்த முறை வைத்திருந்தவை நவீன ஸ்பானிய ஓவியர் ஒருவரின் காளைச் சண்டை அச்சுப்படங்கள், மொத்தம் ஆறு. வெள்ளைத் தாளில் கறுப்பு மை. வீரன், துணி, ஈட்டி, கூட்டம். நான்காவதில் மட்டும், ஈட்டிக்காரனைச் சுமந்த குதிரையின் வயிற்றில் காளையின் கொம்பு இறங்கியிருந்தது. குடல் சரிந்து மண்ணைத் தொட்டது.

ஏலத்துக்கு முந்தைய மாலை, வசதியானவர்களை அழைத்துப் படங்களைக் காட்டும் நிகழ்ச்சி. குச்சியில் செருகிய கோழித் துண்டைக் கடித்தபடி ஒருவர், "நம்ம ஜல்லிக்கட்டு மாதிரிதானே?" என்றார். சிலர் சிரித்தார்கள். அங்கே காளையைக் கொன்றுதான் முடிப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் முதலாளியான மேடம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அப்போதுதான் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"குதிரை இன்னும் சாகலம்மா. காதைப் பாருங்க, பின்னாடி ஒட்டிக்கிட்டிருக்கு. மூக்கு விரிஞ்சிருக்கு. அதுக்கு வலி தெரியுது. இந்த மாதிரி ரெண்டு குதிரையை நேர்ல பார்த்திருக்கேன். ரெண்டுக்கும் ஊசி போட்டு முடிச்சு வெச்சேன்." மறுபடி படத்தின் மேல் குனிந்தார். "இதுக்கு யாரும் போடல."

பக்கத்தில் நின்ற மேடத்தின் காதிலும் விழுந்திருக்கிறது. டாக்டர் நகர்ந்ததும் என்னிடம் வந்தார். "சூப்பர் பாயின்ட். நாளைக்கு வாசிக்கிற குறிப்புல சேர்த்துடு." ஒவ்வொரு படமும் ஏலத்துக்கு வரும்போது வாசிக்கும் குறிப்பை எழுதுவது என் வேலை. எழுதினேன். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிடக் கேவலம், வாக்கியம் நன்றாக வரவேண்டும் என்று மூன்று முறை திருத்தினேன்.

"குதிரை வைத்தியத்தில் தேர்ந்த ஒருவரே வியந்து நின்ற துல்லியம் இது. அந்த விலங்கின் வலி காது மடல்வரை தெரிகிறது." மறுநாள் ஏலம் விடுபவர் இதை நிறுத்தி நிதானமாக வாசித்தார். வியந்து என்ற சொல் நான் சேர்த்தது. ஆறு படங்களில் அதற்குத்தான் கடும் போட்டி. சுத்தியல் விழுந்ததும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் டாக்டர் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

வாசலுக்கு ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தேவலை.

"நீங்களாம்மா எழுதினீங்க?"

"மேடம் எழுதச் சொன்னாங்க, சார்."

தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவுக்குக் கை காட்டினார். அதன் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவே இல்லை.

நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் குறிப்பு எழுதும் விதத்தைக் காட்ட, மேடம் போன மாதம் அந்த இரண்டு வரிகளைத்தான் எடுத்துக் கொடுத்தார். "ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க மேம்" என்றாள் ஒரு பெண் என்னிடம். நன்றி என்றேன்.