நோட்டில் இல்லாத பெயர்

எங்கள் அங்கன்வாடியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தக் குழந்தையை யாருடன் அனுப்பலாம் என்று அம்மாக்கள் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதில் பெயர் இல்லாதவர் கையில் குழந்தையை விடமாட்டேன்.

இன்று மூன்று மணிக்கு ஒருவர் பெரிய பையோடு வந்து நின்றார்.

"எம் பொண்ணக் கூட்டிக்கினு போலாம்னு வந்தேங்க. கேரளாவுலேந்து இப்பதான் வர்றேன்."

நோட்டைப் பார்த்தேன். அவர் கைகாட்டிய குழந்தைக்கு அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று மூன்றே பெயர்கள்.

"இது யாரு பாப்பா?" என்று கேட்டேன்.

என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொன்னாள்: "எங்கப்பா போன்ல இருக்காரு."

அவர் பையை இறக்கி வைத்து வெளியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் கம்பிக் கதவைச் சாத்தினேன். எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

களமருதூர் பக்கம் களையெடுக்கப் போயிருந்த அவள் அம்மா நாலு மணிக்கு வந்தாள்.

"இவுரு பேரச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க டீச்சர்."

"வுடு" என்றார் அவர். "யார் கேட்டாலும் புள்ளயக் குடுத்துடுவாங்களோன்னு அங்க பயந்துக்கினே கெடந்தேன். இப்ப எம் பேரயும் எழுதிக்கங்க டீச்சர்."

எழுதினேன். மூவரும் போனார்கள்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது தோன்றியது. என்னை யாருடன் அனுப்பலாம் என்று யாராவது கேட்டால், சொல்ல ஒரு பெயரும் இல்லை.

உங்களுக்கு உடனே ஒரு பெயர் வருகிறதா? கீழே எழுதுங்கள். என் நோட்டில் இடம் நிறைய இருக்கிறது.