மீட்புக் காட்சியில் தவநாயகி

லண்டனின் ஹவுன்ஸ்லோவில் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் தொழிற்சாலையில் தவநாயகி பதினொரு வருடங்களாக வேலை செய்கிறார். ஊரில் போரின் கடைசி நாட்களில் கணவர் அம்பலவாணனைப் பறிகொடுத்தவர். அது எப்படி நடந்தது என்று மகள் கம்சிகாவிடம்கூட அவர் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் கம்சிகா போனை நீட்டினாள்.

"அம்மா, இது நீங்களோ?"

அங்கே ஊரில் ஆளுங்கட்சிக்கு ஆண்டுவிழா. ஒரு வாரமாக அரச தொலைக்காட்சியில் கட்சியின் புகழ்தான். விழாவுக்கென்றே போரைப் பற்றி ஒரு சினிமாவும் எடுத்திருந்தார்கள். நடிகர்களின் சண்டைகளுக்கு நடுவே பழைய ஒளிப்பதிவொன்று, மக்களை மீட்ட காட்சியாக, வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்ணுக்கு ஒரு சிப்பாய் தண்ணீர் கொடுக்கிறான். அவள் கும்பிடுகிறாள். அந்தச் சிப்பாயைத் தொலைக்காட்சி தேடிப்பிடித்து, மாலை போட்டு, பெயர், ஊர், படைப்பிரிவு எல்லாம் சொல்லிப் பேட்டி எடுத்திருந்தது.

"ஓம். இடுப்பில இருக்கிறது நீ" என்றார் தவநாயகி. பிறகு மிச்சத்தையும் சொன்னார்.

"கமராக்காரர் அங்கால போனதும், தண்ணி தந்த இவன்தான் உன்ர அப்பாவின்ர பிடரியில துவக்கால அடிச்சவன். விழுந்தவரை வாயில உதைஞ்சான். பல்லெல்லாம் மண்ணுக்க. காலில பிடிச்சு அங்க நிண்ட பஸ்ஸுக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போனான். ரெண்டு வெடி கேட்டது. நீ கத்தாமல் உன்ர வாயைப் பொத்திப் பிடிச்சனான்."

அடுத்த சனிக்கிழமை அதே படத்தை மேற்கு லண்டனில் ஒரு மண்டபத்தில் கட்சி ஆதரவாளர்கள் போட்டார்கள். தாயும் மகளும் போனார்கள். தண்ணீர்க் காட்சிக்குக் கைதட்டல் எழுந்தது. தவநாயகி எழுந்து முன்னால் நடந்தார். திரையை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். அது நடுவில் கிழிந்தது.

"இவன்தான் என்ர மனுசனைக் கொண்டுபோனவன்!"

முன்வரிசைக் கதிரை ஒன்று பறந்து வந்து அவர் தோளில் விழுந்தது. இரண்டு பேர் அவரைத் தரையில் அமுக்கினார்கள். ஒருவன் கையை முதுகுப் பக்கம் முறுக்க, மணிக்கட்டு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. மற்றவனின் கையைக் கடித்தார். இரத்தம் வாய்க்குள் வந்தும் விடவில்லை. தடுக்க ஓடிய கம்சிகாவைக் கொடிக்கம்பால் அடித்தார்கள். புருவம் பிளந்து கண்ணுக்குள் இரத்தம் வழிந்தது. பொலிஸ் வந்து அடித்தவர்களில் மூவரைப் பிடித்துக்கொண்டு போனது.

தவநாயகியின் கைக்கு உலோகத் தகடு வைத்துத் தைத்தார்கள். கம்சிகாவுக்கு ஏழு தையல். இரண்டு நாளில் அந்தக் காட்சியையும் பேட்டியையும் தொலைக்காட்சி இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. கம்சிகா இரண்டையும் முன்பே சேமித்து வைத்திருந்தாள்.

போர்க்குற்ற வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி சிவரூபினி அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"அக்கா, இவ்வளவு காலமும் உங்களிட்ட அவன்ர பேர் இல்லை. இப்ப அவையளே தந்திருக்கினம்."

"வழக்குப் போட ஏலுமோ?"

"கஷ்டம். ஆனா முறைப்பாடு பதியலாம். உடன விடிவு வருமெண்டு சொல்லமாட்டன்."

"பதியுங்கோ."

வலது கையில் கட்டுப் போட்டிருந்தது. தவநாயகி இடது கையால், எழுத்துகள் கோணிப்போக, வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.