மாடு மென்ற சேலை

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். ஐந்தும் ஒரே சேலையில் கட்டிய தொட்டிலில் ஆடி வளர்ந்தவைதாம். அந்தச் சேலையை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது ஒரு சத்தம். காய்ந்த எள்ளுக் கட்டைத் தலைகீழாக உதறினால் சடசடவென்று கொட்டுமே, அந்த மாதிரி.

நான் பெரியவளான வருஷம் அது. அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சடங்கு வீட்டுக்குப் பாதிச் சனம் வருவதே தாய்மாமன் சீரைப் பார்க்கத்தான். என் மாமாவுக்கு மதுரையில் சாயப்பட்டறை வேலை. சீர்த்தட்டுகளை வரிசையாக இறக்கி வைத்தார்கள். நடுத்தட்டுச் சேலையைப் பந்தலே எட்டி எட்டிப் பார்த்தது. அரக்கு நிறத்தில், முண்டும் முடிச்சுமாய்ச் சுருங்கி, கையகலத்துக்குக் குறுகிக் கிடந்தது.

பெரியப்பா மனைவி பெரியாத்தாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன் தம்பி, வார வழியில காளை எதுவும் சேலைய மென்னு துப்பிருச்சா?"

பந்தல் குலுங்கிச் சிரித்தது. அம்மா முகம் செத்துப்போனது. பிறந்த வீட்டுச் சீரைப் பார்த்து ஊர் ஒரு தடவை சிரித்துவிட்டால், அந்தப் பேச்சைக் காலத்துக்கும் அவள்தானே சுமக்க வேண்டும். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

மாமா மனைவி, என் அத்தை, மட்டும் சிரித்த முகமாகவே எழுந்தாள். வெள்ளைத் துணியை நகத்தால் கிள்ளிக் கிள்ளி, நூலைச் சுற்றி, புள்ளிக்கோலம் வைப்பதுபோல் அத்தனை முடிச்சையும் போட்டவள் அவள். அதைச் சாயத்தில் முக்கி எடுத்தவர் மாமா.

"காளை மென்னுச்சா இல்லையான்னு பாத்துருவோம் மதினி. அந்த மொனையப் பிடிங்க. வெடுக்குனு இழுங்க, சோறு திங்கலியா?"

இழுத்தார்கள். சடசடசட! நூல் முடிச்சுகள் தெறித்துப் பெரியாத்தாவின் கொண்டையிலும் வாழைப்பழத் தட்டிலும் விழுந்தன. இழுக்க இழுக்க, அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் கண்ணைத் திறந்துகொண்டே வந்தன. கையால் கட்டின சுங்குடி அல்லவா, ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இல்லை.

"ஆத்தாடி, அம்புட்டும் முடிச்சா! நிப்பாட்டாத, இந்தப் பக்கம் இன்னும் இருக்கு!" பெரியாத்தா மொனையை யாரிடமும் கொடுக்கவில்லை.

"அவுத்துட்டே கொண்டாந்திருக்கலாம்ல?" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துச் சிரித்தபடி.

"இந்தச் சத்தத்த நாங்க மட்டும் கேட்டு என்ன பண்ண? ஒம் மக கேக்கட்டும்னுதான்" என்றாள் அத்தை.

ஓரத்தில் ஒரு முடிச்சு மட்டும் எவ்வளவு இழுத்தும் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டோம். என் பிள்ளைகள் ஐந்தும் தொட்டிலில் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கின.

இன்றைக்குப் புள்ளி அச்சடித்ததையும் சுங்குடி என்றுதான் விற்கிறார்கள். தடவினால் கையில் ஒன்றும் தட்டுப்படாது. அத்தை இல்லை, மாமா இல்லை, பெரியாத்தாவின் அந்த வாயும் இல்லை. சேலை நைந்துவிட்டது. அந்த முடிச்சு மட்டும் இறுகியபடி இருக்கிறது. அடுத்த வாரம் என் பேத்தி செல்விக்குச் சடங்கு. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துப் பந்தலில் வைத்து அதை அவிழ்க்கப் போகிறோம்.

மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து இது. செல்வி, அப்பத்தா எழுதினத ஒரு தடவ வாசி ஆத்தா. அந்தச் சடசடங்கிற எடத்த மட்டும் நல்லாச் சத்தமா வாசிக்கணும்.