அனுப்பிவிடச் சொல்லாத போதகர்

நான் ஆசிரியையாக இருக்கும் தொண்டூர் பள்ளியில் இரண்டாம் பாடவேளை முடிந்து வெளியே வந்தபோது என் கணவர் முருகன் போன் செய்தார். "ஐயா போயிட்டாரு, கிரேஸ்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். செஞ்சி சபையில் போதகராக இருந்து ஓய்வுபெற்ற சாமுவேல் ஐயாவுக்காக முருகன் அழுதது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எங்கள் திருமணத்தை நடத்திவைக்க மறுத்தவர் அவர்தான்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இருவரும் அவர் வீட்டில் போய் நின்றோம். முருகன் இந்து. மதம் மாற அவருக்கு மனமில்லை. மாறச் சொல்ல எனக்கும் மனமில்லை. ஐயா சுற்றிவளைக்கவில்லை. "என்னால முடியாதும்மா. சாலொமோன் ராஜா எவ்ளோ பெரிய ஞானி! அவரு மனசையே வேற தெய்வங்க பக்கம் திருப்பினது வேற தெய்வத்தக் கும்புடற பொண்ணுங்களக் கட்டுன கல்யாணந்தான். அத மறைச்சிட்டு நான் ஆசீர்வாதம் சொன்னா, அது பொய்யாயிடும்" என்றார்.

பதிவு அலுவலகத்தில் மணந்துகொண்டோம். ஐயா வரவில்லை. எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஓராண்டு சபைக் கோயில் பக்கமே போகவில்லை.

அந்த ஆண்டு சபைக் கமிட்டியில் என் பெயரைச் சபைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. நடந்ததை அங்கிருந்த என் அப்பா சொல்லித்தான் அறிந்தேன். ஒருவர் வேதாகமத்தில் எஸ்றாவின் புத்தகத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்நிய தேசச் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்கள், ஆசாரியனான எஸ்றா சொன்னதைக் கேட்டு, தாங்கள் மணந்த அந்நியப் பெண்களை அனுப்பிவிட ஒப்புக்கொண்ட பகுதி அது. ஐயா வேதத்தை வாங்கி உரக்க வாசித்தாராம். ஆலயத்துக்கு முன்னால் ஜனங்கள் அடைமழையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை வாசித்தார். அந்த மனைவிகளில் பிள்ளை பெற்றவர்களும் இருந்தார்கள் என்ற கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"அந்தப் பொம்பளைங்களும் புள்ளைங்களும் அப்பறம் எங்க போனாங்கன்னு இதுல எழுதல" என்றாராம். "இத்தன வருஷம் படிச்சிருக்கேன். இன்னிக்குதான் அது கண்ணுல படுது."

"அப்ப எஸ்றா செஞ்சது தப்புங்கிறீங்களா?" என்று கேட்டார்கள்.

"அதச் சொல்ல நான் யாரு? ஒரு தடவ சிதறிப் போன ஜனம். மறுபடியும் கர்த்தர விட்டுப் போயிடுவாங்களோன்னு பயந்தாரு. ஆனா இதே வேதத்துலதான் அந்நிய மோவாப் தேசத்துலேர்ந்து மருமகளா வந்த ரூத்தும் இருக்கா. தாவீது ராஜா அவ வம்சம். ரெண்டுல ஒண்ணக் கிழிச்சிட்டு என்னால பிரசங்கம் பண்ண முடியாது. கல்யாணத்த நடத்த மாட்டேன்னு சொன்னவன் நான்தான். அந்தப் பொண்ண வெளிய அனுப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

என் பெயர் சபையில் நிலைத்தது. அந்த வாரமே ஐயா முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் முகம் கொடுக்கவில்லை. முருகன்தான் நாற்காலி போட்டார். அவர்கள் இருவரும் கடலை விளைச்சலையும் ஏரித் தண்ணீரையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு மாதம் ஒருமுறையாவது வருவார்.

சென்ற மாதம் அவரை விழுப்புரம் மருத்துவமனைக்கு முருகன்தான் காரில் அழைத்துப்போனார். வழியில் ஐயா, "முருகா, அந்தக் கல்யாணத்த இன்னிக்குக் கேட்டாலும் நான் நடத்த மாட்டேன். ஆனா வந்து ஒரு ஓரமா நின்னிருக்கணும். வராதது என் தப்பு" என்றிருக்கிறார்.

"வுடுங்க ஐயா, இன்னா இப்ப" என்று சொல்லிவிட்டு முருகன் வண்டியை ஓட்டினாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

நான் செய்தது சரி என்று ஐயா ஒருநாளும் சொன்னதில்லை. அவர் மறுத்தது சரி என்று நானும் இன்றுவரை நினைக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஜெபிக்கும்போதெல்லாம் அவர் முருகனின் பெயரை முதலில் சொல்லி, அதன்பிறகுதான் என் பெயரைச் சொல்வார். அந்தக் குரலைத்தான் நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.