தங்கச்சி போட்ட லேஸ் கை

இந்த நினைவு மலரை வாங்கிய உறவுகளில் பாதிப் பேர் ஒரு வருஷமாக என் மேல் கோபமாக இருக்கிறீர்கள். தங்கச்சியைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது யாரையும் கிட்டே விடவில்லை என்று. காரணம் சொல்கிறேன். முதலில் அவள் கதை.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் எனக்கு அடுத்துப் பிறந்தாள். பள்ளிக்கூடத்தை நாங்கள் இரண்டு பேருமே அதிகம் தொந்தரவு செய்யவில்லை. தி.நகரில் ஒரு லேஸ் கடைக்கு வேலைக்குப் போனவள், உடம்பு முடியாமல் போகும்வரை அங்கேயே நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான், உட்கார நாற்காலி கிடையாது. குழந்தைகளின் கவுனில் இருந்த லேஸ் நைட்டிக்கு வந்தது, நைட்டியிலிருந்து ஜாக்கெட் கைக்கு ஏறியது, இப்போது கல்யாணப்பெண்ணே தலைமுதல் கால்வரை லேஸில் வருகிறாள். எல்லாவற்றையும் அளந்து கொடுத்தவள், தனக்கென்று ஒரு விரல்கடை வைத்துக்கொண்டதில்லை. கேட்டால், "அல்வா கடக்காரன் அல்வாவா துன்னுகினு கீறான்?" என்பாள்.

புருஷன் போனதும், பிள்ளை இல்லாததால் என்னிடம் வந்துவிட்டாள். என் பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். ஒரு பாய், இரண்டு கிழவிகள்.

அப்புறம் அவளுக்குக் கிட்னி கெட்டது உங்களுக்குத் தெரியும். ரத்தம் சுத்தம் பண்ண ஊசி குத்திக் குத்தி, இடது கை நரம்பு கயிறு முறுக்கின மாதிரி புடைத்துக்கொண்டது தெரியாது. அப்போதுதான் முழங்கையைத் தாண்டித் தொளதொளவென்று லேஸ் கை வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். நெருக்கமான பூ, அடியில் துணி.

ஆதம்பாக்கம் கல்யாணத்தில் அவள் நாத்தனார், "இன்னா அண்ணி, ஹீரோயின் மாதிரி கீறே?" என்றாள்.

"ஹீரோ போய்ட்டாரு. டிரெஸ்ஸாவது இருக்கட்டும்."

மண்டபமே சிரித்தது. பஸ்ஸில் வரும்போது, கேலி எதற்கு, உண்மையைச் சொல்லிவிடேன் என்றேன்.

"சொன்னா பாவம்பாங்க. அதுக்கு இந்தக் கேலி மேலு, அக்கா. நான் போன பெறகு சொல்லிக்கோ, என் காதுல வுழாது. கைய மட்டும் எவளுக்கும் காட்டாத. குளிப்பாட்டும்போதுகூட."

ஒரு நாள் காலையில் காபி ஆற்றி வைத்துக் கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை.

அதனால்தான் குளிப்பாட்டும்போது புடவையைக் குறுக்கே திரையாகக் கட்டினேன். நாலு பேர் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றீர்கள். நான் ஒருத்தியே நாலு பேர் எடை என்று சொல்லிவிட்டு ஊற்றினேன். விறைத்த கை மடங்கவில்லை. ஜாக்கெட்டை முதுகுப்பக்கம் வெட்டி, முன்னாலிருந்து மாட்டிவிட்டேன். லேஸில் கத்தரி படவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டின எதிர்வீட்டுத் தம்பிக்கும், லேஸ் கொடுத்தனுப்பின கடை முதலாளிக்கும், வந்து நின்ற எல்லோருக்கும் நன்றி. பெரிய நன்றி, அவளைக் கிண்டல் பண்ணினவர்களுக்கு. ஒவ்வொரு விசேஷத்துக்கும் போய் வந்து, நீங்கள் சொன்னதையெல்லாம் அப்படியே நடித்துக் காட்டுவாள். வயிறு வலிக்கச் சிரிப்போம். கடைசிவரை ஒருத்தர்கூட அவளைப் பாவம் என்று சொல்லவில்லை.

போன வாரம் ஒரு காதுகுத்துக்குப் போய் வந்தேன். யார் என்ன சொன்னார்கள் என்று அவளை மாதிரி நானே இரண்டு பேர் குரலிலும் பேசிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.