நீலம் போட்ட சட்டை

எங்கள் பக்கத்தில் பூச்சிமருந்தால் ஒரு பெண் செத்தால், குடித்துச் செத்தாள் என்றுதான் பேசுவார்கள். அதில் ஊருக்கு ஒரு சந்தேகமும் வராது. என் அம்மா விஷயத்தில் பேசுகிறவர்களுக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. அன்று காலை மலைத்தோட்ட வேலைக்குப் போகிற போடிமெட்டு ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் அப்பாவோடு அவளுக்குச் சண்டை. தெருவே கேட்டது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவள் பிணமாகக் கிடந்தாள். நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு.

ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற நாட்களில், மருந்து வருகிற ஓஸ் குழாயைச் செடிக்குச் செடி இழுப்பது அம்மாவின் வேலை. கூட வேலை பார்த்த சின்னம்மா, அம்மாவின் தங்கை, யார் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொன்னாள். ஓஸ் ஜாயிண்ட் பிய்த்துக்கொண்டு அடித்தது, அக்கா தொப்பலாக நனைந்தாள், ஈரத்தோடு மதியம்வரை இழுத்தாள், அப்புறம்தான் சுருண்டு விழுந்தாள். அப்படியெல்லாம் எதுவும் நடக்கவில்லை என்றார் தோட்டத்து மேஸ்திரி. பிரேதப் பரிசோதனை முடிவும் வந்தது. உடலில் பூச்சிமருந்து இருந்ததாம். அது எங்களுக்கே தெரியும். வாய் வழியாகப் போனதா, தோல் வழியாகப் போனதா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அப்பா சின்னம்மாவை நம்பவில்லை. தன் பேச்சைப் பொறுக்காமல்தான் அவள் குடித்தாள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு, அதன்பின் வீட்டில் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

பிளஸ் டூ முடித்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நர்சிங் சேர்ந்தால் எங்கேயும் பிழைத்துக்கொள்ளலாம் என்றார் டீச்சர். பி.காம். படித்தால் ஏலக்காய்க் கடையில் உட்காரலாம் என்றார் மாமா. பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மலையைக் குடைந்தால் வேலை கிடைக்கும் என்று பிசிக்ஸ் எடுத்தவர்களும் உண்டு. மலை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நான் கெமிஸ்ட்ரி என்றேன். அதிலும் தடயவியலும் பகுப்பாய்வும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற, மதுரை தாண்டி இருந்த ஒரு கல்லூரியைப் பிடித்துக்கொண்டேன்.

"அதப் படிச்சா என்ன சோலி தாயி கெடைக்கும்?" என்றார் அப்பா.

"சோலிக்காகப் படிக்கலப்பா. அம்மா குடிச்சாங்களா, இல்ல மேல பட்டதான்னு கண்டுபிடிக்கணும்."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. "அறுத்துப் பாத்தவங்களுக்கே தெரியல. நீ என்னத்தக் காணப் போற?" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். ஆனால் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுவரை என் பெட்டியை அவர்தான் தோளில் சுமந்து வந்தார். நான் கேட்டும் தரவில்லை.

படிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இரண்டாம் வருஷத்தில் துணிகளைப் பற்றிப் பாடம் வந்தது. விஷம் பட்ட துணியை நிழலில் உலர்த்தி, காகிதத்தில் சுற்றி, துவைக்காமல் கொடுக்க வேண்டும். முதுகிலும் கையிலும் தெறித்ததா, வாயிலிருந்து மார்பில் வழிந்ததா என்பதைத் துணி காட்டிவிடும். வகுப்பில் உட்கார்ந்து அம்மாவின் சட்டையை நினைத்துக்கொண்டேன். தோட்டத்துப் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அம்மா போட்டிருந்தது அப்பாவின் வெள்ளைச் சட்டை. அது எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷ லீவில் ஊருக்கு வந்திருந்தபோது சின்னம்மா ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே அந்தச் சட்டை.

"நீ படிச்சு வரட்டும்னுதான் வச்சிருந்தேன் ஆத்தா. இதுல பாத்து, எங்கக்கா குடிக்கலன்னு ஒங்கப்பன்கிட்டச் சொல்லு."

விரித்தேன். பளிச்சென்று இருந்தது. மடிப்புக்குள் ரசகற்பூர உருண்டை போட்டிருந்தாள்.

"தொவச்சீங்களா சின்னம்மா?"

"பின்ன? வாந்தியும் அதுவுமா அப்பிடியேவா கீழ கொண்டாருவேன்? நாங்க என்னைக்கு அழுக்குத்துணியோட ஜீப்பு ஏறிருக்கோம்? அவள ஓடையில குளிப்பாட்டி நல்ல சேலை கட்டித்தான் ஏத்துனோம். ஆசுபத்திரியில அவள ஒருத்தரும் மொகம் சுளிச்சுப் பாத்துறக் கூடாதுல்ல. இதையும் அந்த ஓடையிலயே மூணு தண்ணி அலசிட்டு, அப்பறம் வீட்டுல வந்து நீலம் போட்டேன்."

குளிப்பாட்டியது சரி, சட்டையைக் கழற்றியதும் சரி. அவளைப் பிழைக்க வைக்க அந்த இடத்தில் அது ஒன்றுதான் வழி. மிச்சமிருந்த ஒரே சாட்சியை அலசி ஓடையில் விட்டுவிட்டாள், அதுவும் பாசத்தால். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்க ஆளில்லை. இதை அவளிடம் சொன்னால் அக்காவை இரண்டாம் தடவை தானே கொன்றதாக நினைத்துக்கொள்வாள்.

அப்போதுதான் பார்த்தேன், அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பாத்தாத் தெரியுமாம்மா?" என்றார். அம்மா போன பிறகு, அவளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"காலேஜுக்குக் கொண்டு போறேன்ப்பா" என்றேன்.

சட்டை என் ஹாஸ்டல் பெட்டியில் இருக்கிறது. அதில் எதைத் தேடினாலும் சோப்பும் நீலமும்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் பண்ணுவார். சாப்பிட்டாயா என்பார். பிறகும் போனை வைக்க மாட்டார்.

"இன்னும் பாக்கலப்பா" என்பேன்.

"ஒண்ணும் அவசரமில்ல தாயி. நல்லாப் பாத்துச் சொல்லு."