பெரியண்ணியின் நீலக் கோட்டு

என் பெரிய அண்ணிக்குப் பொறாமை என்பது சாப்பாடு மாதிரி. வேளாவேளைக்கு வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி புதுச் செருப்பு வாங்கினால் இவளுக்குக் கால் வலிக்கும். இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "ஆமா, எனக்கு வயிறு எரியுது. உனக்கென்ன? நீ வந்து தண்ணி ஊத்தி அணைக்கப் போறியா?" என்பாள். எதையும் மறைத்து வைக்கத் தெரியாதவள். அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கோழிக் கொட்டகைகள். நடுவில் முட்டை பிரிக்கும் அறை. கீறல் விழுந்ததையும் அழுக்கானதையும் ஒதுக்கிவிட்டு, நல்ல முட்டைகளை அட்டையில் அடுக்குவது என் வேலை. அறைக்கு இரண்டு பக்கமும் சன்னல் இருப்பதால் இரண்டு அண்ணிகளும் என் கண்ணுக்குத் தப்ப முடியாது. அண்ணன்கள் லாரி ஓட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் விருந்தாளிகள்தான். பண்ணையில் அம்மா வைத்ததுதான் சட்டம்.

பெரியண்ணி கல்யாணமாகி வந்தபோது கோழி இறக்கை அடித்தாலே அலறுவாள். அவள் கையில்தான் அம்மா வெள்ளைக் கோழிகளை ஒப்படைத்தாள். முட்டைக்காகவே உருவாக்கிய கலப்பினம் அது. ஒல்லி உடம்பு, கொஞ்சமாகத் தின்னும், சலிக்காமல் முட்டை போடும். ஆனால் பயந்தாங்கொள்ளி. யாராவது துணியை உதறினால் கொட்டகையே பறக்கும். கொட்டகைக்குள் போகும்போது உடுப்பின் மேல் ஒரே நிறக் கோட்டைத்தான் தினமும் போட வேண்டும், நிறம் மாறினால் மிரண்டுவிடும் என்று கோழி கொடுத்த கம்பெனிக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். அண்ணி நீலத்தை எடுத்துக்கொண்டாள். கதவை இரண்டு தரம் தட்டுவாள், கொஞ்சம் நிற்பாள், பிறகு நுழைவாள். வருடக்கணக்காக இதில் மாற்றமில்லை. கடைசியில் அந்தப் பயந்தாங்கொள்ளிகள் அவள் தோளில் ஏறி உட்காரும் அளவுக்குப் பழகின. "கோட்டாவது ஒண்ணாவது! அதுங்களுக்கு என் மூஞ்சி தெரியும்டி" என்று அடித்துச் சொல்வாள். முட்டை ஓய்ந்த கோழிகளை லாரியில் ஏற்றும் நாளில் மட்டும் அவள் அந்தப் பக்கமே வரமாட்டாள். துவைக்கும் கல்லில் துணியைக் கிழிய அடித்துக்கொண்டிருப்பாள்.

அப்புறம் சின்ன அண்ணி வந்தாள். கூடவே இரண்டாவது கொட்டகையும் சிவப்புக் கோழிகளும் வந்தன. அதுவும் கலப்பினம்தான், ஆனால் குணமே வேறு. கனத்த உடம்பு, சாதுவான சுபாவம், பழுப்பு முட்டை. சின்னவள் மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு நுழைந்தால் காலைச் சுற்றி ஓடிவரும். குனிந்தால் இறக்கையை லேசாக விரித்துப் பதுங்கி, தொடு என்று முதுகைக் காட்டும். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அங்கேயே நின்று போட்டோ எடுத்தார்கள். "சின்னவளுக்குக் கைராசி" என்று அம்மா தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். பெரியண்ணியின் காதில் புகை வந்தது. வந்த புகையில் ஒரு அடுப்பே எரித்திருக்கலாம்.

"தீவனத்துல என்னத்தையோ கலக்குறா. இல்லன்னா ஒரு கோழி இப்படிக் கால்ல விழுமா?" என்று என்னிடம் வந்து குசுகுசுப்பாள்.

"முட்டை போடுற பருவம் வந்தா எல்லாக் கோழியும் பதுங்கத்தான் செய்யும், அண்ணி."

"என் கோழிங்க இவ்வளவு பதுங்கலையே!"

நான் அடுத்த அட்டையை எடுத்தேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "கடைக்காரங்க பழுப்பு முட்டைதான் கேக்குறாங்க. இந்த வெள்ளைங்க போனதும் ரெண்டு கொட்டகையிலயும் சிவப்பே விட்டுடலாம். சின்னவ பாத்துக்கட்டும். பெரியவளே, நீ அவகிட்ட கொஞ்சம் கேட்டுக்கோ."

பெரியண்ணி சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள். வெள்ளைகளும் இல்லை, கொட்டகையும் இல்லை, அதற்கு மேல் சின்னவளிடம் பாடம் கேட்க வேண்டுமாம்.

மறுநாள் மதியம் சின்னவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து இவள் சிவப்புக் கொட்டகைக்குள் நுழைந்தாள். நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தீவனத்தை முகர்ந்து பார்த்தாள். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. சிவப்புகள் நீலக் கோட்டைப் பார்த்து நாலடி தள்ளியே நின்றன. அவள் கண் ஆணியில் தொங்கிய மஞ்சள் கோட்டில் போய் நின்றது. நீலத்தைக் கழற்றி மாட்டிவிட்டு மஞ்சளைப் போட்டுக்கொண்டாள்.

அவ்வளவுதான். எல்லாம் ஓடிவந்தன. காலடியில் பதுங்கின. அண்ணி குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். உச்சி குளிர்ந்துபோய் நிமிர்ந்தவள் சன்னல் பக்கம் பார்த்து, "பாத்தியாடி! கோட்டுதான்! இவ்வளவுதானா இவ வித்தை!" என்று கத்தினாள்.

அதே சந்தோஷத்தில், முட்டை எடுக்கும் நேரமாகிவிட்டதே என்று கூடையைத் தூக்கிக்கொண்டு தன் கொட்டகைக்கு நடந்தாள். கதவை இரண்டு தரம் தட்டினாள். உள்ளே போனாள். மஞ்சள் கோட்டோடு.

"அண்ணி, கோட்டு!" என்று நான் கத்தியது இறக்கைச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. அத்தனை வெள்ளையும் ஒரே வீச்சில் கிளம்பி எதிர் மூலையில் போய் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. "ஏய், நான்தாண்டி! என்னைத் தெரியலையா?" என்று அண்ணி கையை நீட்டிக்கொண்டு கிட்டே போகப் போக, குவியல் உயர்ந்தது. அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் செத்துப்போகும். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் "நான்தாண்டி, நான்தாண்டி" என்று போய்க்கொண்டே இருந்தாள்.

சின்னவள் சாப்பிட்ட கையோடு ஓடிவந்தாள். ஒரு பார்வைதான் பார்த்தாள். தன் கொட்டகைக்கு ஓடி நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, "அக்கா, வெளிய போங்க" என்றாள். பெரியண்ணியை அப்படி யாரும் அதட்டி நான் பார்த்ததில்லை. அவளும் வெளியே வந்தாள்.

சின்னவள் மெல்ல நடந்து மேலே கிடந்த கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. அடியில் கிடந்த சில கோழிகள் எழுந்திருக்கவே இல்லை. மற்றவை நீலக் கோட்டைச் சுற்றி வந்து நின்றன. ஒன்று பறந்து அவள் தோளில் உட்கார்ந்தது. பெரியண்ணி கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். பிழைத்ததே என்று நிம்மதியா, வயிற்றெரிச்சலா என்று கேட்டால், எரிச்சல்தான்.

சாயங்காலம் அம்மா செத்த கோழிகளைப் பார்த்துவிட்டு, "யாரு செஞ்ச வேலை இது?" என்று கேட்டாள்.

"ஏதோ நாய் குரைச்சிருக்கும், அத்தை. அதுல மிரண்டுடுச்சு" என்றாள் சின்னவள்.

பெரியண்ணி தப்பித்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஆனால் சின்னவளுக்கு நல்லவள் என்ற பேரும் கிடைப்பதை அவளால் எப்படித் தாங்க முடியும்?

"நாயும் இல்ல, பேயும் இல்ல. நான்தான். இவ கோட்டைப் போட்டுக்கிட்டுப் போனேன். இவ ஒண்ணும் எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்! அத்தை, ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, கைராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கோழிங்க கோட்டைத்தான் பாக்குது, ஆளைப் பாக்குறதே இல்ல!"

அம்மா செத்த கோழிகளைக் கூடையில் எடுத்துப் போட்டாள். பிறகு, "அப்படியா? அப்ப நல்லதாப் போச்சு. வெள்ளைங்க இருந்துட்டுப் போகட்டும். நீ மஞ்சளைப் போட்டுக்கோ, சின்னவ நீலத்தைப் போடட்டும். உனக்குச் சிவப்புதானே கண்ணை உறுத்துது?" என்றாள்.

சொன்னதைத் திரும்ப வாங்க வழியில்லை.

இப்போது சிவப்புகள் பெரியண்ணியைக் கண்டால் ஓடிவந்து பதுங்குகின்றன. வருகிறவர்கள் அவளோடு போட்டோ எடுக்கிறார்கள். அவள் போட்டோவுக்கு நிற்கும்போதும் கண் எதிர்க் கொட்டகையில்தான் இருக்கும். நேற்று பழுப்பு முட்டைக் கூடையை என் முன்னால் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அவ உள்ள போறதுக்கு முன்னாடி கதவைத் தட்டுறாளா?"

"தட்டுறாங்க, அண்ணி. ரெண்டு தரம். நீங்க தட்டுற மாதிரியே."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. காலிக் கூடையை எடுத்துக்கொண்டு சிவப்புக் கொட்டகைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.